கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் கடுகளவு ஜெல் ஒன்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அது பொய் சொல்கிறது என்பது என் கட்சி. அதுவோ எந்தக் கட்சியும் கட்டாமல் தினமும் காலையில் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. யார் ஜெயித்தார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஜெல்தான். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்லுமளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை.

தொண்ணூற்றைந்தின் இலையுதிர் காலத்தில் தொடங்கியது அது. மாண்ட்ரியலில் விளக்குக் கம்பம் தவறாமல் ஆம் என்பதற்கு 'உய்' என்றும் இல்லை என்பதற்கு 'நோன்' என்றும் பிரெஞ்சில் எழுதிய தட்டிகள் தொங்கின. கெபெக் தனி நாடாகப் பிரிவதா வேண்டாமா என்று ஊரே வாய் ஓயாமல் வாதாடிக்கொண்டிருந்தது. எனக்கு வாதாடக்கூட ஆள் இல்லை. சென்ட் லோரன்டில், கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில், பாதி தரைக்குக் கீழே அமைந்த ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தேன். சன்னலில் தெரிந்தது தெருவில் போகிறவர்களின் பூட்ஸ் மட்டும். திருச்சியில் பிறந்து, பெங்களூரில் முனைவர் பட்டம் வாங்கி, இங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குத் தற்காலிக வேலையில் வந்தவள் நான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. இந்தக் கடைசி விவரம் எனக்குப் பெரிதில்லை. அம்மாவுக்கு என்னைப் பற்றி இருந்த ஒரே விவரம் அதுதான்.

நான் படித்தது திடத்திலும் சேராத, திரவத்திலும் சேராத பொருள்களைப் பற்றி. தயிர், பசை, அல்வா, சோப்பு நுரை எல்லாம் இந்த இனம். தொட்டால் குழையும், விட்டால் பழையபடி நிற்கும். மென்பருப்பொருள் என்று இப்போது தமிழில் அழகாக எழுதுகிறார்கள். அன்றைக்கு அம்மாவிடம் விளக்கியபோது, "ஜவ்வரிசிக் கஞ்சியைப் படிக்கவா கனடாவுக்குப் போனே? இங்கயே காய்ச்சியிருக்கலாமே" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஜவ்வரிசிக் கஞ்சி ஆறிய பிறகு ஏன் கட்டிக்கொள்கிறது என்பதை ஒழுங்காகச் சொல்லவே ஒரு பட்டம் வேண்டியிருக்கிறது.

எங்கள் ஆய்வகம் செய்துகொண்டிருந்தது இதுதான். கார்பன் பூசிய சின்னப் பட்டையின் நுனியில் துளி ஜெல் வைப்போம். ஜெல் என்பது ஒரு வலை. நீண்ட மூலக்கூறுகள் அங்கங்கே முடிச்சுப் போட்டுக்கொண்டு நடுவில் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அந்த வலைக்குள் ஒரு நொதியைக் குடிவைப்போம். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை அதன் மேல் வைத்தால் சர்க்கரை உள்ளே நுழைந்து நொதியைச் சந்திக்கும். சந்தித்த இடத்தில் இத்துனூண்டு மின்சாரம் பிறக்கும். மின்சாரம் கூடினால் சர்க்கரை கூடுதல் என்று பொருள். கடைகளில் அப்போதே மீட்டர்கள் இருந்தன. ஆனால் அவை நிறைய ரத்தம் கேட்டன, குளிரில் மக்கர் பண்ணின. எங்களுடையது சட்டைப் பையில் கிடந்து, மாண்ட்ரியலின் ஜனவரி மாதத்தில் பஸ் நிறுத்தத்தில் வைத்துக்கூட வேலை செய்ய வேண்டும்.

ஒரு மருந்துக் கம்பெனி இதற்குப் பணம் கொடுத்தது. கோடைக்குள் ஜெல் சரியாக அளக்கிறது என்று காட்டிவிட்டால் என் வேலை நீளும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பெட்டியைக் கட்டினால், திருச்சியில் அம்மா அடுக்கிவைத்திருந்த ஜாதகங்களின் முன்னால் போய் உட்கார வேண்டும். எனக்கு இந்த வேலை வேண்டும். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஜெல் மட்டும்தான், அதையும் விட்டுவிட்டுப் போக மனசில்லை.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம். புதிதாக ஜெல் செய்தால் முதலில் அளவு தெரிந்த சர்க்கரைத் தண்ணீரில் சோதிப்போம். அடுத்து எங்கள் விரல்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து ஆளுக்கொரு துளி ரத்தம் கொடுப்போம். நோய் இல்லாத ஆளுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். எல்லோருடைய புள்ளியும் வரைபடத்தில் அந்தக் கோட்டை ஒட்டி விழ வேண்டும். தவறாமல் முதலில் வருகிறவள் நான் என்பதால், என் விரல்தான் ஆய்வகத்தின் அளவுகோல் ஆனது. இறைச்சி கிடையாது, குடி கிடையாது, புகை கிடையாது என்று தெரிந்தபோது பேராசிரியர் சிரித்தார். அவர் உள்ளூர்க்காரர், பிரெஞ்சு வாசம் அடிக்கும் ஆங்கிலம் பேசுகிறவர். "மாண்ட்ரியலிலேயே சுத்தமான ரத்தம் உன்னுடையதுதான்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று அன்றே கேட்டார். யாருக்கும் இல்லை என்று தலை நிமிர்ந்து சொன்னேன்.

அந்தச் சுத்தமான ரத்தத்தின் புள்ளிதான் கோட்டுக்கு மேலே போய் நின்றது.

முதல் நாள் கை நடுக்கம் என்று விட்டேன். அடுத்த நாளும் மேலே. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் மேலே. எங்கள் ஆய்வக உதவியாளர் ஒரு கெபெக் பெண்மணி, என்னைவிட மூத்தவர். வாசலில் நின்று ஒரு சிகரெட்டை முடித்துவிட்டு உள்ளே வருவார், வெள்ளிக்கிழமை மாலை பீர் இல்லாமல் வீட்டுக்குப் போகமாட்டார், மதியத்துக்குக் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலும் சீஸும். அவருடைய புள்ளி பரம சாதுவாகக் கோட்டில் உட்கார்ந்திருக்கும். என்னுடையது மட்டும் மேலே. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. கடை மீட்டரில் போட்டுப் பார்த்தேன். அதுவும் அதிகமாகத்தான் காட்டியது. சாதாரண மனுஷிக்கு அந்த இடத்தில் புத்தி வந்திருக்கும். நான் முனைவர் பட்டம் வாங்கியவள் அல்லவா? "அந்த மீட்டரிலும் இதே நொதிதான் இருக்கிறது. எது நம் ஜெல்லை ஏமாற்றுகிறதோ அதுவேதான் அதையும் ஏமாற்றுகிறது" என்று கூட்டத்தில் விளக்கினேன். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ஏமாற்றுகிற அந்த எது என்பதையும் கண்டுபிடித்தேன். வைட்டமின் சி. அது ரத்தத்தில் இருந்தால் பட்டையில் தானே வந்து மின்சாரத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். சர்க்கரை என்று நாம் ஏமாறுவோம். இது புத்தகத்தில் உள்ள உண்மை. மற்றவர்களைவிட எனக்கு அது ஏன் அதிகம்? நான் சாப்பிடுகிற சாப்பாடு. ரசம், எலுமிச்சை ஊறுகாய், புளி. பேராசிரியருக்குப் புளி என்றால் என்னவென்று தெரியாது. கோட் வெர்த்யூ பக்கத்தில் இருந்த தமிழ்க் கடையில் ஒரு கட்டி வாங்கிக்கொண்டு போனேன். அவர் பிய்த்து வாயில் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிரெஞ்சில் ஏதோ சொன்னார். உதவியாளர் அதை அளந்து கரைத்தார். புளிக்கரைசலை ஜெல்லின் மேல் வைத்தோம். மின்சாரம் காட்டும் முள் துள்ளியது! நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம். புளிக்குள்ளேயே சர்க்கரை இருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

மாலையில் மெட்ரோ பிடித்து, அதற்கு மேல் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். உடம்பில் அவ்வளவு அசதி. இத்தனைக்கும் நாள் முழுக்க நான் தூக்கியது கடுகளவு ஜெல். தாகம் வேறு. அந்த ஊரில் குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று வீட்டிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், அதனால்தான் தாகம் என்று வைத்துக்கொண்டேன். தெபனூர் என்று அங்கே சொல்லும் தெருமுனைக் கடையில் பெரிய பெரிய டப்பாவாக ஆரஞ்சுச் சாறு வாங்கி வைத்துக் குடித்தேன். துணிகள் தளர்ந்துகொண்டே வந்தன. தனக்கு மட்டும் சமைக்கிறவள் ஒழுங்காகச் சமைக்கமாட்டாள், மெலிவதில் என்ன ஆச்சரியம் என்று நினைத்தேன். சனி ஞாயிறில் கடைக்காரரிடம் சொல்லும் 'பொன்ழூர்', 'மெர்சி' தவிர வாயைத் திறக்க வேலை இருக்காது. திங்கட்கிழமை பேச ஆரம்பித்தால் குரல் கட்டிக்கொண்டு வரும். தாகம், அசதி, மெலிவு, காரணமில்லாத அழுகை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அதற்குத் தனிமை என்று பெயர் எழுதி வைத்திருந்தேன். எவ்வளவு வசதியான பெயர். எதைப் போட்டாலும் கொள்ளும்.

என் தலைக்கு மேல் வீட்டில் மட்டக்களப்புக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவனும் மனைவியும், பிரெஞ்சில் சண்டை போடும் பிள்ளைகளும். அந்த அக்கா மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடைக்கும் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேர்ச்சுக்குப் போவார். கிறிஸ்மஸ் சமயத்தில் ஒரு தட்டு நிறையத் தொதல் கொண்டுவந்தார். தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் போட்டுக் கறுப்பாகக் கிளறிய பண்டம், எங்கள் ஊர் அல்வாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

"என்ன புள்ள, வரவர மெலிஞ்சி போறாய்? சாப்பிடுறதில்லையா?" என்றார்.

"வேலை ஜாஸ்திக்கா."

"தண்ணி கனக்கக் குடிக்கிறாயோ?"

"இந்த ஹீட்டர் காத்துல குடிக்காம என்ன பண்றது? நீங்க குடிக்கலையா?" என்று சட்டென்று கேட்டுவிட்டேன். எனக்கு யாராவது உடம்பைப் பற்றி விசாரித்தால் மூக்கின் மேல் கோபம் வரும்.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, "சரி, இதத் தின்னு" என்றார். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "எனக்கு வேணாம் புள்ள, பல்லு கூசுது" என்று எழுந்துவிட்டார். அவர் படியேறிப் போன பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் நான் ஒருத்தியாகத் தின்றேன்.

ஜனவரியில் ஆராய்ச்சிக்காக ஆரஞ்சுச் சாற்றையும் புளியையும் நிறுத்தினேன். சில நாளிலேயே என் புள்ளி கொஞ்சம் இறங்கியது. கோட்டைத் தொடவில்லை, ஆனாலும் இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா, வைட்டமின் சி! அதை விரட்டியடிக்கும்படி ஜெல்லுக்கு மேலே இன்னொரு மெல்லிய படலம் பூசினேன். எதிர் மின்னேற்றம் உள்ள படலம். வைட்டமினும் அதே ஏற்றம் உள்ளது என்பதால் கிட்ட வராது. வாரக்கணக்கில் உழைத்துப் பூசிய அந்தப் படலத்துக்குப் பின்னும் என் புள்ளி மேலேதான் நின்றது. ஒரு மாலை எல்லோரும் போன பிறகு அந்தப் பட்டையைப் பார்த்து, தமிழில், சத்தமாகத் திட்டினேன். அந்த வாரத்தில் நான் வாய் நிறையத் தமிழ் பேசியது அந்த ஒரு முறைதான்.

பேராசிரியருக்கும் பொறுமை போய்விட்டது. "நம் யூகங்களெல்லாம் போதும். ஆஸ்பத்திரியிடம் விட்டுவிடுவோம்" என்றார். அங்கே ஒரு மருத்துவர் ஒத்துக்கொண்டார். நாங்களும் பக்கத்து ஆய்வகத்தாரும் போய் வரிசையாக ரத்தம் கொடுத்தோம். குப்பிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும். ஒவ்வொன்றிலும் பாதி ஆஸ்பத்திரியின் பெரிய இயந்திரத்துக்கு, பாதி எங்கள் ஜெல்லுக்கு. அந்த இயந்திரம் அளக்கும் முறையே வேறு. வைட்டமின் சி அதனிடம் வாலாட்ட முடியாது. இரண்டும் ஒத்துப்போனால் ஜெல் பிழைத்தது, நானும் பிழைத்தேன். ஒத்துப்போகாவிட்டால் ஊர்.

முடிவைச் சொல்ல மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். பேராசிரியர் காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அளவாகச் சொல்லச் சொல்ல, நான் வரைபடத் தாளில் பென்சிலால் புள்ளி வைத்தேன். கிடைமட்டத்தில் ஆஸ்பத்திரியின் அளவு, செங்குத்தில் ஜெல்லின் அளவு. இரண்டும் ஒத்துப்போனால் புள்ளி நடுவில் போகும் சாய்கோட்டில் விழும். முதல் புள்ளி கோட்டில். அடுத்ததும் கோட்டில். உதவியாளர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொன்றும் நூல் பிடித்ததுபோல் விழுந்தது. கடைசியாக என் எண். ஆஸ்பத்திரியின் அளவு மற்றவர்களைவிட்டு எங்கோ தள்ளி வலப்பக்கம் போனது. ஜெல்லின் அளவும் எங்கோ மேலே. இரண்டும் சந்தித்த இடத்தில் புள்ளியை வைத்தேன். அச்சாகக் கோட்டின் மேல்.

"வேலை செய்கிறது!" என்று கத்தினேன். நிஜமாகவே குதித்தேன். என் கண்ணுக்கு அந்த நேரத்தில் தெரிந்தது கோடு மட்டும்தான். எத்தனை மாதமாக நான் திட்டிக்கொண்டிருந்த ஜெல், ஒரு நாளும் தப்பாகச் சொல்லாத ஜெல். உதவியாளரைக் கட்டிப்பிடித்தேன். அவர் கைகள் என்னைத் திருப்பிக் கட்டவில்லை. அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கடைசிக் குப்பி யாருடையது என்று மருத்துவர் கேட்கிறார். அந்த ஆளை இன்றே வரச் சொல்கிறார்."

என்னுடையது என்றேன். அதைச் சொல்லும்போதும் என் முகத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மருத்துவர் நல்ல மனிதர். நீ ஒல்லியாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள் என்று ஆறுதல் சொன்னார். மாத்திரை கொடுத்தார், தின்னக் கூடாதவற்றைச் சொன்னார், எத்தனை நாளாகத் தாகம் என்று கேட்டார். ஹீட்டர் காற்று என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள். "அந்த கோயம்புத்தூர் ஜாதகம் அமைஞ்சு வர்ற நேரம். அங்க இருக்கற தமிழ்க்காரங்ககிட்டகூடச் சொல்லாதே. எங்க சுத்தியாவது செய்தி இங்க வந்துடும்."

"நம்ம வீட்ல யாருக்குமே இல்லையேம்மா. எனக்கு எப்படி?"

"அப்பாவுக்கு இருந்துச்சு" என்றாள். "அவருக்கு ஊருக்குத் தெரியக் கூடாது. பிள்ளைங்க உங்களுக்குத் தெரிஞ்சா வாய் தவறிச் சொல்லிடுவீங்கன்னு சொல்லவேண்டாம்னுட்டார்."

அப்பா போய் வருடங்களாகிவிட்டன. மாரடைப்பு என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். அவர் காபியைச் சர்க்கரை இல்லாமல் குடிப்பார். அதுதான் அவருக்குப் பிடிக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். யார் மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஜெல்லை நம்பியிருப்பேன். புளியைக் கரைத்துக்கொண்டு நின்றிருக்கமாட்டேன்.

மாத்திரை வேலை செய்தது. தாகம் அடங்கியது, கை கால்களில் தெம்பு வந்தது, பாவாடை இடுப்பில் நின்றது. தனிமை என்று எழுதி வைத்திருந்த பையில் முக்கால்வாசி சர்க்கரைதான் இருந்திருக்கிறது. ஆனால் மிச்சக் கால்வாசி மாத்திரைக்கு அசையவில்லை. தெம்பு வந்த பிறகுதான் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. முன்பு அசதியில் படுத்துத் தூங்கிப்போவேன். இப்போது உட்கார்ந்து பூட்ஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய விஷயம் எனக்கு நடந்திருக்கிறது, அதை என் மொழியில் யாரிடமும் சொல்லக் கூடாது.

வேலையும் முடிந்தபாடில்லை. கம்பெனிக்கு ஒரு புள்ளி போதாது என்றார் பேராசிரியர். கீழே கூட்டமாக நோயில்லாதவர்கள், மேலே ஒற்றையாக நான். நோய் உள்ளவர்களுக்கான கருவி இது, அந்த மேல் பகுதியில் இன்னும் ஆட்கள் வேண்டும், கோடைக்குள் வேண்டும். ஆஸ்பத்திரியின் அனுமதி இருந்தது. ஆட்கள்தான் வரவில்லை. கொட்டும் பனியில் வெறும் வயிற்றோடு வந்து ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க யாருக்குத் தலையெழுத்து? நோட்டீஸ் ஒட்டினோம். கிழித்துக்கொண்டு போவதற்காகக் கீழே வெட்டிவிட்டிருந்த தொலைபேசி எண் துண்டுகள் நாள் கணக்கில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

கடைசியில் மேல் வீட்டு அக்காவிடம் கேட்டேன். எனக்கு இருப்பதைச் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்குச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் வேண்டும், உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சேர்ச் முடிந்து நாலு பேர் வீட்டுக்கு வருவார்கள், வந்து கதைத்துப் பார் என்றார்.

நாலு பேர் என்றது அறை கொள்ளாத கூட்டம். மட்டக்களப்பு, திருகோணமலை ஆட்கள். சேர்ச்சுக்காரர்களோடு அக்கம்பக்கத்துச் சைவக்காரர்களும். அக்கா ரோல்ஸ் பொரித்துத் தேநீர் ஊற்றினார். நான் எழுந்து நின்று, கருவி, ஜெல், கொஞ்சம் ரத்தம், ஊசி வலிக்காது என்றெல்லாம் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டார்கள். சர்க்கரை நோயை அவர்கள் சொல்லும் பெயரிலேயே, இங்கே யாருக்காவது சீனி வருத்தம் இருக்கிறதா என்றேன்.

ஒருவருக்கும் இல்லை.

"கர்த்தர் புண்ணியத்தில எனக்கு ஒண்டும் இல்லை" என்றார் ஒரு முதிய பெண். அவர் கையில் இருந்தது சீனி போடாத தேநீர்.

"எனக்குச் சும்மா கொஞ்சம் கூடவாம், டொக்டர் சொன்னவர். அது வருத்தமில்லை" என்றார் திருகோணமலைக்காரர் ஒருவர். அவருடைய மனைவி அவரை முழங்கையால் இடித்தார்.

அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். எல்லோர் முகத்திலும் என் அப்பா காபி குடிக்கும் முகம். அம்மா சொன்னது காதில் இருந்தது. கோயம்புத்தூரும் நினைவில் இருந்தது. சரி, போகட்டும் என்று தோன்றியது.

"எனக்கு இருக்கு" என்றேன்.

ஒரு குழந்தை அடுத்த அறையில் பிரெஞ்சில் எதற்கோ அழுதது மட்டும் கேட்டது.

"எனக்கு இருக்கு. தெரியாம இருந்தேன். நானே செஞ்ச மெஷின் மாசக்கணக்கா சொல்லிச்சு, நம்பல. எங்க அப்பாவுக்கும் இருந்துச்சாம், யாரும் சொல்லல." அந்நியர்கள் நடுவில் நின்றுகொண்டு, ரோல்ஸ் தட்டைப் பார்த்தபடி அழுதேன். மானம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அக்கா தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தார். "எனக்கும்தான்" என்றார் எல்லோரையும் பார்த்து. பிறகு என்னிடம்: "நீ மெலியேக்குள்ளயே எனக்கு விளங்கினது புள்ள. எனக்கும் அப்பிடித்தான் தொடங்கினது. கேட்டா எனக்கும் இருக்கெண்டு தெரிஞ்சி போயிரும் எண்டுதான் விட்டுட்டன்."

அடுத்து திருகோணமலைக்காரரின் மனைவி. "இவருக்குக் கொஞ்சம் இல்ல, கனக்கக் கூட. இவர் களவா லட்டு தின்னுறவர்" என்றார். அறை சிரித்தது. அதோடு மடை திறந்துவிட்டது. சீனி இல்லாத தேநீர் குடித்த முதியவர், தனக்கும் தன் மருமகளுக்கும் என்று சொல்ல, மருமகள் "மாமி!" என்று கத்தினார். ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்த அக்கா தங்கை இருவர் அந்த அறையிலேயே இருந்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வெறும் வயிற்றோடு, பெரிய பெரிய கோட்டுகளுக்குள், பஸ்ஸும் மெட்ரோவும் மாறி. ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடவென்று அக்கா குரக்கன் என்று அவர்கள் சொல்லும் கேழ்வரகில் புட்டும், தேங்காய்ச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்து கதைத்த கதையில் நர்ஸ் வந்து உதட்டில் விரல் வைத்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது. நான் ஒரு நாற்காலியில் இருந்தேன். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள்.

வேலை நீண்டது. கோயம்புத்தூர் ஜாதகம் நீளவில்லை. செய்தி எப்படிப் போயிற்றோ, போயிற்று. அம்மா பல வாரம் சரியாகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை என்பதும் மாறிவிடவில்லை. வாரத்தில் ஆறு நாள் அதே பூட்ஸ்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேலிருந்து தரையைத் தட்டுவார்கள், நான் படியேறிப் போவேன்.

கம்பெனிக்குக் கொடுத்த வரைபடத்தின் பிரதி ஒன்றை அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். புதிய தாளில், மையில், எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவாக மறுபடி வைத்த படம். கீழே ஒரு கூட்டம், மேலே ஒரு கூட்டம், இரண்டையும் கோத்துக்கொண்டு ஒரு நேர்க்கோடு. ஒரு நாள் கீழே வந்த அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இது நாங்களா?"

"ஆமாக்கா. மேல இருக்கறது எல்லாம் நாமதான்."

"இதில நீ எங்க நிக்கிறாய்?"

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். பென்சில் படத்தில் அது ஒற்றையாக நின்ற இடம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இப்போது அந்த இடத்தில் நிறையப் பேர் நின்றார்கள். விரலை ஒரு புள்ளியில் வைத்தேன், எடுத்தேன், பக்கத்துப் புள்ளியில் வைத்தேன். எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.